ஏழு நாள் சீசன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு முதன்முறையாக மார்கழி சீசனுக்கு அம்மாவுடன் சென்னை வந்தேன். ஐந்து நாளில் பதினெட்டுக் கச்சேரி. மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் ஆட்டோவில் அலைந்ததுதான் நினைவில் இருக்கிறது. யார் என்ன ராகம் பாடினார்கள் என்று கேட்டால் முழிக்கிறேன். பாதிக் கச்சேரிக்கு நடுவில் நுழைந்தோம், மீதிக்கு நடுவில் எழுந்தோம். அம்மாவுக்கு வேறு குறை. பெரும்பாலும் தெலுங்குப் பாட்டு, பொருள் புரியவில்லை என்கிறார். மிருதங்கக்காரர் ஏன் பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்றும் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. இந்த முறை டிசம்பர் 20 முதல் 26 வரை லீவு போட்டிருக்கிறேன். நான் சங்கீதம் கற்றவள் அல்ல. கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். எப்படித் திட்டமிடுவது?

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

பதினெட்டு என்ற எண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது. முழுநீளக் கச்சேரி இரண்டரை மணி நேரம் போகும். ஒரு நாளில் காது அப்படி ஒன்றை முழுதாக வாங்கிக்கொள்ளும், இரண்டாவதை முக்கால்வாசி. மூன்றாவதில் உடம்புதான் உட்கார்ந்திருக்கும். ஏழு நாளுக்குப் பத்துக் கச்சேரி போதும். அந்தப் பத்தையும் தொடக்க உருப்படியான வர்ணத்திலிருந்து முடிவில் பாடும் மங்களம் வரை கேளுங்கள். நடுவில் ஒரு நாளை வெறுமனே விட்டுவிடுங்கள். 25ஆம் தேதி விடுமுறை என்பதால் எல்லா இடத்திலும் கூட்டம் நெரியும். விடுவதற்கு அதுவே நல்ல நாள்.

அடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சபாக்களில் நண்பகலில் ஒன்று, அதை அடுத்து ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, ஆறரை ஏழுக்கு ஒன்று என்று நாள் ஓடும். நான்கு மணிக் கச்சேரி முடிய ஆறு, ஆறேகால் ஆகிவிடும். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ், பனகல் பூங்கா வட்டாரங்களில் போக்குவரத்தைத் திருப்பி விட்டிருக்கும் நிலையில், அந்த நேரத்தில் ஒரு மணி நேரத்தைச் சாலையில் தொலைப்பீர்கள். போய்ச் சேரும்போது வர்ணமும் முதல் கிருதியும் முடிந்திருக்கும். கச்சேரிக்கு நடுவில் நுழைந்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இப்படித்தான் நடக்கிறது.

டிடிகே சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே சாலையில் இருக்கின்றன, நடந்தே போகலாம். மயிலாப்பூர் என்றால் கிழக்கு மாடவீதியில் பாரதிய வித்யா பவன், லஸ் அவென்யூவில் ராக சுதா ஹால். தி.நகர் என்றால் ஜி.என்.செட்டி சாலையில் வாணி மகால், மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா. காலையில் எந்தப் பேட்டையில் இறங்குகிறீர்களோ, இரவு அங்கிருந்தே கிளம்புங்கள். அகாடமிக்கு மெட்ரோவில் வருவதானால் ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

டிக்கெட்டைப் பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். கடினமானது ஒன்றுதான்: அகாடமியில் முன்னணிப் பாடகர்களின் இரவுக் கச்சேரி. அதற்கு மட்டும் முன்கூட்டியே மெனக்கெடுங்கள். விற்கும் முறையை அடிக்கடி மாற்றுவதால் நவம்பர் கடைசியில் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற சபாக்களில் அன்றைக்குப் போய் வாங்குவதே பெரும்பாலும் நடக்கிறது. பகல் கச்சேரிகளில் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. வளர்ந்துவரும் கலைஞர்களைப் பகலில்தான் போடுவார்கள். அவர்களுக்கு நேரம் குறைவு, அவையில் தலைகளும் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள். நாளுக்கு இரண்டு என்றால் ஒன்று இந்தப் பகல் கச்சேரியாக இருக்கட்டும். அகாடமியில் காலை எட்டு மணிக்கு நடக்கும் ஆய்வரங்கத்துக்கு ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். அந்த ஆண்டு அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெறுபவர்தான் தலைமை வகிப்பார். பேச்சில் பாதி புரியாமல் போகலாம், நடுநடுவே பாடிக் காட்டும்போது புரியும்.

அம்மாவின் குறை பழைய குறை. கச்சேரி முடியும் நேரத்தில் துக்கடாவாக, அதாவது சின்ன உருப்படிகளாக, ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு, அதோடு சரி என்ற நிலையை எதிர்த்துத்தான் தமிழிசை இயக்கமே கிளம்பியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். பாரிமுனைக்கு அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஆண்டுதோறும் டிசம்பரில் அதன் இசை விழா நடக்கிறது. எல்லாமே தமிழ்ப் பாட்டு. தேவாரப் பண்களுக்கென்று ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். மயிலாப்பூர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் நஷ்டம். இரண்டு மாலைகளை அம்மாவுக்காக அங்கே ஒதுக்குங்கள்.

இனி அந்தக் கல். மிருதங்கத்தின் வலந்தலை, நடுவில் சோறு என்னும் கறுப்புப் பசை அப்பியிருக்கும் பக்கம், பாடுபவரின் சுருதியில் நின்றாக வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களில் பலர் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அதற்கேற்பக் கருவியே வேறு. ஐந்து கட்டைக்கு வருவது அளவில் சிறியது. தோல் ஈரத்துக்குத் தொய்யும், காய்ந்தால் இறுகும். டிசம்பரில் வெளியே மழை ஈரம். மேடையிலோ ஏசியும் விளக்குச் சூடும். வெளியிலிருந்து வந்த மிருதங்கம் முதல் அரை மணி நேரத்தில் சுருதியை விட்டு நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுருதி இறங்கியிருந்தால் விளிம்பின் பின்னலை மேலிருந்து தட்டி வாரை இறுக்குவார். ஏறியிருந்தால் கீழிருந்து மேலே தட்டித் தளர்த்துவார். ஒரு இடத்தில் தட்டினால் மற்ற இடங்களிலும் மாறும் என்பதால் சுற்றிச் சுற்றிச் சோதிக்கிறார். இடப்பக்கமான தொப்பியில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அது தண்ணீரில் பிசைந்த ரவை. கச்சேரிக்குச் சற்று முன் அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்தக் கனம்தான் தொப்பிக்கு அடிநாதம் கொடுக்கிறது. காய ஆரம்பித்தால் கும்மென்ற ஒலி டப்பென்று ஆகிவிடும். பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரில் விரல் நனைத்து அவர் தடவுவது அதற்காக. அடுத்த முறை அம்மாவை மிருதங்கக்காரரின் கை தெரிகிற பக்கமாக உட்கார வையுங்கள்.

பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகும் பழக்கம் உங்களுக்கு இல்லாதிருந்தால் ஏற்படுத்திக்கொள்ளாதீர்கள். பாடகர் வாயை மூடியதும் பாதி அவை கேண்டீனுக்குக் கிளம்பும். கேட்டால் தாளம் தெரியாது என்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதன்பின் தட்டும் திருப்பும் இரண்டு முறை. தனி ஆவர்த்தனம் வரும் மெயின் பாட்டு இரண்டு களையில், அதாவது இரட்டிப்பு நீளத் தாளத்தில், இருந்தால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போட்டுப் பதினாறு எண்ண வேண்டும். பாடகர் தொடையில் தாளம் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பார், அவர் கையைப் பின்தொடர்ந்தால் போதும். முதலில் மிருதங்கம் தனியாக வாசிக்கும், பிறகு கடமோ கஞ்சிராவோ. அடுத்து குறைப்பு. ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் அதே நீளத்தில் பதில் சொல்வார். நீளம் பாதியாகும், அதிலும் பாதியாகும், கடைசியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்து வாசிக்கத் தொடங்கினால், முடிவு நெருங்குவதைச் சொல்லும் மோரா வருகிறது, அதன் பின் முடித்துவைக்கும் கோர்வை என்று தெரிந்துகொள்ளுங்கள். கோர்வையைப் பொதுவாக மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பில், அதாவது பல்லவி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ சரியாக அங்கே, கொண்டுவந்து முடிப்பார்கள். பாடகர் அந்தக் கணத்தில் பல்லவியை எடுப்பார். ஒரே ஒரு முறை விரலால் எண்ணிக்கொண்டு அந்த இடத்தில் வந்து விழுந்துவிட்டீர்களென்றால், காபி அப்புறம் குடிக்கலாம் என்று தோன்றிவிடும்.

ராகம் நினைவில் நிற்கவில்லை என்பதற்கு ஒரு வழி. எல்லா ராகத்தையும் துரத்தாதீர்கள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து கல்யாணியை மட்டும் வீட்டில் மூன்று வெவ்வேறு பாடகர்கள் பாடிக் கேளுங்கள். கடைசி நாலு நாள் சங்கராபரணம். இரண்டுக்கும் ‘ம’ என்னும் மத்தியம சுரம் ஒன்றுதான் வேறு, மற்ற சுரங்கள் அத்தனையும் ஒன்றே. அந்த ஒரு சுரம் மாறுவதால் முகமே மாறிப்போவதைக் காது பிடித்துவிட்டால் பாக்கி ராகங்கள் தாமாக வரும். இரண்டுமே மேடையில் அடிக்கடி பாடப்படுபவை. பத்துக் கச்சேரியில் ஏதாவது ஒன்றிலாவது அகப்படும். சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி, பாடியவர், மெயின் ராகம், தாளம் மட்டும் குறியுங்கள். போனில் குறிக்க வேண்டாம். இருட்டில் அந்த வெளிச்சம் பின்வரிசைக்காரரை வதைக்கும். ஒலிப்பதிவு செய்கிறீர்களோ என்று தொண்டரும் வந்து நிற்பார்.

இடம் தேடும்போது முன்வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தால் மிருதங்கம் மண்டையில் இடிக்கும், வயலின் கீச்சிடும். பால்கனிக்கு அடியில் பின்பக்கமாக உட்கார்ந்தால் குரல் மங்கும். நடுக்கூடத்தில் எட்டாவது வரிசைக்குப் பின்னால் நல்லது. அகாடமியில் பால்கனியில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஏழு நாளில் ஒரு நாளாவது ராக சுதா ஹால் மாதிரி சிறிய இடத்தில் கேளுங்கள். பெரிய அரங்கின் மைக்கில் கரைந்துபோகும் தம்புராவும், பாடகர் மூச்சு வாங்கும் இடமும் அங்கே கேட்கும். சால்வை கட்டாயம். ஏசியில் இரண்டரை மணி நேரம் அம்மாவால் தாங்க முடியாது.

கேண்டீனுக்குக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை, அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். இலைச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள். ஒரு மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் வாங்கியவர்தான் அடுத்த கச்சேரியில் ஆலாபனைக்குத் தலையாட்டுவதுபோல் தூங்குபவர். மாலையில் ஆறிலிருந்து ஏழு வரை நெரிசல். நான்கு மணிக் கச்சேரிக்குப் போகாத நாளில் ஐந்து மணிக்கே டிபனைச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உள்ளே போங்கள்.

26ஆம் தேதி இரவு ரயிலில் திரும்புவதென்றால் அன்று நான்கு மணிக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவுக் கச்சேரி முடிய ஒன்பதரைகூட ஆகலாம். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஓட வேண்டுமே என்ற நினைப்பில், சரியாகத் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்துவிடுவீர்கள்.