கடையில் எழுதிக் கொடுத்த கடிதம்

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுவிட்டு வெளியே வரும்போது செக்யூரிட்டி என் பையைச் சோதித்தார். பில்லில் இல்லாத 640 ரூபாய் க்ரீம் ஒன்று உள்ளே கிடந்தது. நாலு வயது மகன் போட்டிருக்கிறான், எனக்குத் தெரியாது. போனைப் பிடுங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். ‘திருடினேன்’ என்று எழுதி வாங்கி, பத்து மடங்கு பணமும் வாங்கிய பிறகே விட்டார்கள். 12 நாளாகத் தூக்கமில்லை. மானநஷ்ட வழக்குப் போட்டு, அந்த ஏஜென்சியின் லைசென்ஸை ரத்து செய்ய முடியுமா?

பதில்: மானநஷ்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். லைசென்ஸ் புகாரும் அப்படித்தான். 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. காவலாளி போலீஸ் மாதிரி உடுப்பு போட்டிருந்தால் அதுவே தனிக் குற்றம். ஆனால் அதனால் உங்களுக்கு விடிவு வராது.

உங்களை அடைத்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லை. செக்யூரிட்டிக்கு உள்ள கைது அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே அதிகாரம்தான். பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்தால் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு இந்த வகையிலேயே சேராது. உங்கள் விஷயத்தில் போலீசுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. ஆக, பி.என்.எஸ். என்கிற தண்டனைச் சட்டத்தின் 127(2)-வது பிரிவு: முறைகேடாக அடைத்து வைத்தல், ஓராண்டு வரை சிறை.

சரி, கேஸ் பலமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பயமுறுத்துவது அந்தக் கடிதம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே நம்பி என்னிடம் வருகிறார்கள். கடை மேனேஜர் போலீஸ் இல்லை. அந்தப் பாதுகாப்பு அவரிடம் எழுதிக் கொடுத்ததற்குக் கிடையாது. மிரட்டி எழுத வைத்தார்கள் என்று நீங்கள்தான் காட்டியாக வேண்டும். இப்படி ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்தது. கோடு போட்ட தாள், அந்தப் பெண்ணின் கையெழுத்து. கடைசி வரி: ‘எவருடைய வற்புறுத்தலுமின்றி முழு மனதுடன் எழுதுகிறேன்.’ பயந்து அழுதுகொண்டிருந்தவர் சொந்தமாக எழுதும் வரியா அது? மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதியது. ஆனால் அதை மறுத்து அந்தப் பெண் எட்டு மாதம் ஒரு வார்த்தை எழுதவில்லை. ‘ஏன் இத்தனை மாதம் மறுக்கவில்லை?’ எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அதனால் இந்த வாரமே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கடிதம் மிரட்டி வாங்கியது, அதை மறுக்கிறேன் என்று தேதி, நேரத்தோடு சொல்லுங்கள். வாசல், ஸ்டோர் ரூம் வழி சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு குழி. ‘ஐந்து லட்சம் கொடு, இல்லையென்றால் ஃபேஸ்புக்கில் போடுவேன்’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு வந்தார். மிரட்டிப் பணம் பறித்ததாகக் கடை அவர் மேலேயே புகார் கொடுத்தது. கோபம் நியாயம்தான், ஆனால் இப்படி மிரட்டப் போனை எடுக்காதீர்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். கடிதத்தின் அசல், நீங்கள் கட்டிய 6,400 ரூபாய், உங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்று கடையின் லெட்டர்பேடில் ஒரு கடிதம். இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும். அதற்கு முன்னால், கடை உங்களிடம் பணம் வாங்கியதற்காகப் பணப் பறிப்புப் பிரிவில் எஃப்ஐஆர் கேட்டு ஓடாதீர்கள். 127(2)-ஐ நீங்களே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். பணப் பறிப்பை அப்படி முடிக்க முடியாது, ரத்து செய்ய இருவரும் ஹைகோர்ட் படி ஏற வேண்டும்.

கடை மறுத்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போடலாம். 127(2)-க்கு ஓராண்டுதான் கெடு. அதில் 12 நாள் போய்விட்டது.