இறுக்கிக் கட்டாத வலை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் மொரீஷியஸின் கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். பள்ளியில் படித்த தமிழோடு சரி, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சாப்பாட்டில் ஒரு சண்டை. கிறிஸ்துமஸ் தீவில் ஒரு காலத்தில் பெரிய கசினோ இருந்தது என்று படித்ததை நான்தான் சொன்னேன். உடனே மாமா, "நம்முடைய சின்னத் தீவுகளில் ஒன்றையும் அப்படிக் கொடுத்தால் என்ன? பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். பல்லிக்கும் புறாவுக்கும் வாக்கா இருக்கிறது?" என்றார். நாம் தமிழர், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வழி வந்தவர்கள், இயற்கையை நேசிக்கும் இனம் என்று நான் சொன்னேன். திருக்குறளில் சூதுக்கு எதிராக ஓர் அதிகாரமே இருப்பதையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். கசினோவுக்கு 6, எதிராக 2. பாட்டி தூங்கிவிட்டார்.

நீங்கள் உங்கள் பத்தியில் பறவைகளைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறீர்கள். கசினோவா, வனவிலங்கா? உங்கள் பதிலை மாமாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ச.

தம்பி ச.,

உங்கள் தமிழில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் ல, ள மாறியிருந்ததை நானே திருத்திவிட்டேன். திருத்த முடியாத ஒரு வரி இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் லெச்சி (லிச்சி) மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூ வந்திருக்கிறது. பூ வந்தால் வலையைப் பற்றி யோசிக்க வேண்டும். வலையைப் பற்றி யோசித்தால் எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். குறளில் சூது 94ஆம் அதிகாரம். அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் என்ன பாட்டில் நின்றது என்று நான் கேட்கப் போவதில்லை. அப்புறம், மாமா எந்தத் தீவைக் கொடுக்கப் போகிறார்? கோயின் தெ மீர் தீவில் படகிலிருந்து கரையில் கால் வைப்பதே பெரும்பாடு, சுற்றிலும் செங்குத்துப் பாறை. சூதாட வருகிறவர் கயிறு கொண்டுவர வேண்டியிருக்கும். கசினோ நமக்குப் புதிதும் இல்லை. க்யூர்பிப்பில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் காடன் கரையில் இருக்கிறது. ஷாம்ப் தெ மார்ஸ் பந்தயத் திடலில் 1812 முதல் குதிரை ஓடுகிறது. என் அப்பா அந்தக் குதிரைகளுக்குப் பணம் வைத்தவர். அதைப் பற்றி எழுதினால் அம்மா மேலே இருந்து திட்டுவாள், விட்டுவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் தீவின் கதையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜாவாவுக்குத் தெற்கே நம் கடலிலேயே கிடக்கிற தீவு அது, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். முதல் மழைக்குக் காட்டிலிருந்து சிவப்பு நண்டுகள் கோடிக்கணக்கில் கடலுக்கு இறங்கிப் போகும். அந்த நாட்களில் சாலையை மூடுவார்கள், நண்டு ஏறிப் போக ஒரு பாலமே கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில்தான் 1993இல் கசினோ திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தோனேசியப் பணக்காரர்கள். 1997இல் ஆசிய நாடுகளின் பணம் சரிந்ததும் அவர்கள் வருவது நின்றது, 1998இல் கதவை மூடினார்கள். ஐந்து வருஷம்கூட ஓடவில்லை. வேலை, வேலை என்கிற மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள், போதும்.

ஆனால் நண்டுகளைக் கொன்றது கசினோ இல்லை தம்பி. எப்போதோ கப்பல் சரக்கோடு வந்து இறங்கிய ஒரு மஞ்சள் எறும்பு. நண்டின் கண்ணிலும் மூட்டிலும் அமிலத்தைப் பீய்ச்சிக் குருடாக்கிக் கொல்லும். 1990களில் அது காட்டுக்குள் பெருங்கூட்டங்களாகப் பரவி, கோடிக்கும் மேல் நண்டுகள் செத்தன. அதே தீவில் ஐந்து கிராம்கூடத் தேறாத ஒரு குட்டி வௌவால் இருந்தது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது குறைகிறது, பிடித்து வளர்த்தால்தான் பிழைக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கரடியாகக் கத்தினார்கள். அனுமதி வந்து ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. 2009 ஆகஸ்ட் 26 இரவு அதன் ஒலி கருவியில் பதிவானது. மறுநாள் இரவு பதிவாகவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே இல்லை. கசினோ மூடி அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது.

இங்கேதான் உங்கள் கேள்வியை நான் கீழே போட்டுவிட்டேன். வௌவால் என்றதும் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு லெச்சி மரம் இருந்தது. அப்பா கரும்பு ஆலையில் வேலை. செப்டம்பரில் வியாபாரி வருவார், மரத்தைச் சுற்றி வந்து பூவைப் பார்ப்பார், காயே பிடிக்காத மரத்துக்கு ஒரு விலை சொல்வார். அப்பா இன்னொரு விலை சொல்வார். இடையில் புயல் அடித்தால் நஷ்டம் வியாபாரிக்கு, பழம் குலுங்கினால் லாபமும் அவருக்கே. பூவின் மேல் பணம் வைப்பது சூது இல்லாமல் வேறென்ன? அதற்கு யாரும் குறள் சொன்னதில்லை. பேச்சில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ராத்திரிக் காவல் எங்கள் பொறுப்பு.

காவல் என்றால் நானும் தம்பியும்தான். கிளையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் கட்டி, உள்ளே ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு, கயிற்றை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து என் கட்டில் காலில் முடிந்திருப்பார் அப்பா. நவம்பர் பிறந்தால் இருட்டியதும் மலைப்பக்கமிருந்து வௌவால் இறங்கும். பெரிய பழந்தின்னி, தோளில் பொன்னிற மயிர். ஈரத் துணியை உதறுகிற மாதிரி சிறகுச் சத்தம் கேட்கும். கயிற்றை இழுப்போம். டமடம. அது அடுத்த மரத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு பிள்ளை கயிற்றை இழுக்கும். "வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வீட்டுக்கு அதுதான் விருந்துக்கு வந்தது, நாங்கள் தூக்கமில்லாமல் தொங்கினோம். மறுநாள் பள்ளியில் மேசையில் தலை வைத்துத் தூங்கி அடி வாங்குவேன். ஜனவரியில் புதுச் சப்பாத்து வரும், அந்தக் காசில். ஆக, வௌவாலால் வயிறு எரிந்தவர்களை எனக்குத் தெரியும். நானே அதில் ஒருத்தி.

2015இல் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து வௌவால்களைச் சுட ஆரம்பித்தபோது என் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, கடைசியில் சுடுகிறார்கள்" என்றான். குரலில் சந்தோஷம். அந்த முதல் சுற்றில் மட்டும் 30,000க்கு மேல். 2016இல் மறுபடியும், 2018இல் மறுபடியும். வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுகிற பிராணி. மொரீஷியஸையும் ரீயூனியனையும் விட்டால் உலகத்தில் அதற்கு இடமே இல்லை. 2018இல் உலகப் பட்டியலில் அதை "அழியும் ஆபத்தில் இருப்பது" என்று ஏற்றிவிட்டார்கள். பழம் வீணாவதில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. மைனாவுக்கும் கிளிக்கும் காற்றுக்கும் பங்கு இருக்கிறது. கொண்டைக்குருவிக்கும் இருக்கிறது. கிரியோலில் அதைக் கொந்தே என்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் கொண்டைதான் காதில் விழும். தரையில் கிடக்கிற பழத்தையெல்லாம் ஒரே கணக்கில் எழுதுவது சுலபம், ராத்திரியில் வருகிறவன் மேல் பழி போடுவது அதைவிடச் சுலபம்.

தம்பி, இந்தத் தீவில் நல்ல காடு 2 சதவீதம்கூட மிச்சமில்லை. பெரிய விதைகளை விழுங்கி இன்னோரிடத்தில் போட்டுக் காடு வளர்த்தவை டோடோவும் நம் பெரிய ஆமைகளும். இரண்டும் போய்விட்டன. இன்றைக்கு மலைக்கு மலை பழத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பெரிய பிராணி இந்த வௌவால் ஒன்றுதான். நம் புறாவுக்கு உலகமே அழுதது. 1990 வாக்கில் காட்டில் 10 மட்டுமே இருந்த இளஞ்சிவப்புப் புறாவை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள், 1974இல் 4 மட்டும் தெரிந்த வல்லூறையும் காப்பாற்றினார்கள், இல் ஒ ஸெக்ரெத் தீவுக்குச் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப்போய் அந்தப் புறாவைக் காட்டுகிறார்கள். நல்லது. அந்தப் புறா உங்கள் மாமாவின் மரத்தில் உட்கார்ந்து உங்கள் மாமாவின் பழத்தைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில ராத்திரி யோசிப்பதுண்டு.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். "இயற்கையை நேசிக்கும் இனம்." எங்கே நேசித்தோம்? 1998இல் இங்கே மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கினார்கள் என்று நாம் பொங்கினோம், நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். நானும் போனேன், தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. 30,000 வௌவாலுக்கு எத்தனை பேர் போனோம்? ஆராய்ச்சியாளர்களும் கொஞ்சம் இளைஞர்களும் எதிர்த்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். பாரி, பாரி என்கிறீர்கள். தேரை முல்லைக்குக் கொடுத்தான், சரி. முல்லை அவன் தோட்டத்துப் பழத்தைத் தின்னவில்லையே! தமிழ்நாட்டில் சில ஊர்கள் இருக்கின்றன, ஆலமரத்து வௌவால் மிரளும் என்று தீபாவளிக்கு ஒரு வெடிகூடப் போடமாட்டார்கள். பிள்ளைகள் மத்தாப்பு மட்டும் கொளுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் வேண்டுமானால் இனம், மரபு என்று பேசட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். நாம் இங்கே பேச வேண்டாம், இன்னும் கொஞ்ச நாளைக்கு.

கோபப்பட்டுவிட்டேன். உங்கள் மேல் இல்லை. ஆறு பேருக்கு எதிராக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கை தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கசினோ தொழிலில் உங்கள் நண்பர்கள் யாராவது இருப்பார்கள், ராத்திரி வேலை முடிந்து கண்ணெரிய பஸ் ஏறுகிறவர்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

வலையைப் பற்றிச் சொல்லவில்லையே. சுடுவது வேண்டாம் என்று எனக்குப் புத்தி வந்த பிறகு மரத்துக்கு வலை போட்டேன், அரசு மானியத்தில். சேலையைக் கொடியில் போடுகிற மாதிரி மரத்தின் மேல் அப்படியே போர்த்திவிட்டு, பெரிய புண்ணியம் செய்த மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு வௌவால் அதில் தொங்கியது. சிறகு முறுக்கிக்கொண்டு, நூல் எலும்பு வரை இறங்கி. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அது கத்தவில்லை. நாய்க்குட்டி மாதிரி முகம், நான் நூலை வெட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தபோது பறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு அரிசிச் சாக்கில் போட்டு எடுத்துப்போனார். எங்கள் தலைமுறையில் வௌவால் கறி சாப்பிட்டவர்கள் உண்டு. அவர் அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

அப்புறம் ஒரு தோட்டக்காரப் பையன் சொல்லிக்கொடுத்தான். வலை மரத்தைத் தொடக்கூடாது. நாலு பக்கமும் கம்பு நட்டு, கிளைக்கு வெளியே தள்ளி, தட்டினால் மேளத்தோல் மாதிரி அதிர்கிற அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். அப்போது வௌவால் மோதித் திரும்பிப் போகும், மாட்டிக்கொள்ளாது. அரை நாள் வேலை, இரண்டு ஆள் வேண்டும். மரம் ரொம்ப உயரமென்றால் நுனிக் கிளைகளை விட்டுவிடலாம். நான் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், கசினோவுக்கு எதிராக என் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 6க்கு 3. மாமாவிடம் இந்தப் பதிலைக் காட்டும்போது ஒன்று கேளுங்கள். அவர் வீட்டில் லெச்சி மரம் இல்லாமல் இருக்காது. வலை போட்டிருக்கிறாரா, போட்டிருந்தால் தொய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்திருந்தால் காய் சிவக்கிறதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேருமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். கம்பு இல்லையென்றால் எழுதுங்கள், எங்கள் வீட்டில் நாலு மிச்சம் இருக்கிறது.

அன்புடன்.