பதில்: தம்பிக்கு இசிஜியில டெல்டா அலை, அப்லேஷன் பயமா இருக்கு

சிஸ்டர், 19 வயசு தம்பிக்கு திடீர் படபடப்பு, ரிப்போர்ட்ல டபிள்யூபிடபிள்யூன்னு (வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட், இதயத்துல கூடுதலா ஒரு மின்பாதை இருக்கற பிரச்சினை) போட்டிருக்குன்னா பயம் வரத்தான் செய்யும். இதயத்துல மேல் அறையிலருந்து கீழ் அறைக்கு கரண்ட் இறங்க ஒரே வழிதான் இருக்கணும், அங்க ஏவி நோடுங்கற சின்ன திசு முடிச்சு சிக்னலை கொஞ்சம் நிறுத்தி அனுப்பும், தம்பிக்கு பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கு, அதுல நிக்காம பாயுறதாலதான் இசிஜியில கோடு செங்குத்தா ஏறாம அடியில சரிவா ஆரம்பிக்குது, அந்தச் சரிவுதான் டெல்டா அலை.

எங்க அக்காவுக்கும் இதேதான். தொடை ரத்தக்குழாய் வழியா வயர் விட்டு அந்தக் குறுக்குவழி இருக்கற இடத்தை மட்டும் சுட்டாங்க, இதுதான் அப்லேஷன், நெஞ்சைத் திறக்கவே இல்ல, மறுநாள் வீட்டுக்கு வந்துட்டா. தம்பி எப்பவாவது மயங்கி விழுந்திருந்தா சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க. படபடப்புக்குன்னு நீங்களா வெராபமில் (இதயத்துடிப்பைக் குறைக்கற மருந்து) வாங்கிக் குடுத்துடாதீங்க ப்ளீஸ், குறுக்குவழி இருக்கறவங்களுக்கு சில சமயம் அது ரொம்ப ஆபத்து. எலக்ட்ரோபிசியாலஜி (இதயத்தோட மின்னோட்டப் பிரச்சினைகளைப் பார்க்கற) டாக்டரையே பாருங்க, படபடப்பு நேரத்துல எடுத்த இசிஜியையும் கையோட கொண்டுபோங்க.