உயிர்கள் ஏன் சிலிக்கனை விட்டுக் கார்பனைத் தேர்ந்தன?

பூமியின் மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 28 விழுக்காடு சிலிக்கன், கார்பன் 0.1 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. இரண்டு அணுக்களும் நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தக்கூடியவை என்பதால், உயிர்கள் ஏன் அரிதானதைச் சார்ந்திருக்கின்றன என்ற கேள்வி மிகவும் நியாயமானது.

முதற்காரணம் பிணைப்பின் வலிமை. கார்பன் அணு சிறியது. அதனால் இரு கார்பன் அணுக்கள் நெருங்கி உறுதியாகப் பிணைந்து, நீண்ட சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் நீரிலும் காற்றிலும் நிலைத்திருக்கின்றன. சிலிக்கன் சங்கிலிகள் அப்படியல்ல: ஒரே ஒரு சிலிக்கன் அணு கொண்ட, மீத்தேனுக்கு இணையான சிலேன் வாயுகூட, காற்றுப் பட்ட மாத்திரத்தில் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும்.

ஆனால் இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, ஆக்சிஜனுடன் சேரும்போது இரண்டும் என்ன ஆகின்றன என்பதைத்தான். கார்பன் டை ஆக்சைடில் ஒரு கார்பன் அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு இரட்டைப் பிணைப்புகளால் இணைந்து தனி மூலக்கூறாக நிற்கிறது. ஆகவே அது வாயுவாகி, நீரில் கரைந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று வெளியேறுகிறது, பின்னர் இலைக்குள் நுழைந்து மீண்டும் சர்க்கரையாகிறது. சிலிக்கன் டை ஆக்சைடோ ஒற்றைப் பிணைப்புகளால் எல்லாத் திசைகளிலும் பின்னிக்கொண்டு மணலில் காணப்படும் குவார்ட்ஸ் போன்ற திண்மமாகிவிடுகிறது. மணலைக் கழிவாக வெளியேற்ற வேண்டிய ஓர் உயிரணுவால் எப்படிச் சுவாசிக்க முடியும்?

சிலிக்கனை உயிர்கள் அறவே ஒதுக்கிவிடவில்லை. டயாட்டம் எனும் நுண்பாசிகள் நீரில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தைக் கொண்டு தம் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன; ஓட்டுக்குள் இருக்கும் புரதம், கொழுப்பு, டிஎன்ஏ யாவும் கார்பனால் ஆனவையே.