தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர்? கேள்வி பதில்

தோட்ட அமைப்பு, பாசனக் குழாய், டைமர், மண் பற்றிக் கேளுங்கள். பூச்சி, நோய் என் துறை இல்லை.

கேள்வி: தினமும் காலையில் 10 நிமிடம் ஸ்பிரிங்க்ளர் ஓடுகிறது. அப்படியும் மதியம் புல் வாடுகிறது. நேரத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். நாளைக்கு ஸ்பிரிங்க்ளர் நின்று இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மேலே மூன்று, நான்கு செ.மீ. ஈரமும் அதற்குக் கீழே காய்ந்த பொருக்கும் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈரம் இருக்கிற இடத்தில்தான் வேர் இருக்கும். தினமும் மேலாக நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், வெயில் ஏறியதும் முதலில் காய்வது அந்த மேல்மண்தான்.

கணக்கையும் பாருங்கள். சிறு தலை வைத்த சாதாரணத் தெளிப்பான் மணிக்கு ஏறத்தாழ 40 மி.மீ. தண்ணீர் கொட்டும். 10 நிமிடத்தில் 6, 7 மி.மீ. களிமண் மணிக்கு 5 மி.மீ. உறிஞ்சினாலே பெரிது. மீதி எங்கே போகும்? சரிவு இருந்தால் நடைபாதைக்கு. ஆகவே 5 நிமிடம் ஓட்டி, முக்கால் மணி நேரம் ஊற விட்டு, மறுபடி 5 நிமிடம். இப்படி மூன்று, நான்கு முறை ஓட்டிவிட்டு, சில நாள் இடைவெளி விடுங்கள். மணல் பாங்கான மண்ணில் இந்தப் பிரிப்பு தேவைப்படாது; அங்கே தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடுவதுதான் கவலை.

இன்னொன்று. பக்கங்கள் நேராக உள்ள ஒரே மாதிரி டப்பாக்கள் எட்டு, பத்து எடுத்துப் புல்லில் பரப்பி வைத்து, 15 நிமிடம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு டப்பாவில் 4 மி.மீ., இன்னொன்றில் 12 என்று வந்தால் கோளாறு நேரத்தில் இல்லை, தலைகளின் இடைவெளியில் இருக்கிறது. ஒரு தலையின் வீச்சு அடுத்த தலையைத் தொட வேண்டும்.

கேள்வி: டைமரில் எத்தனை நிமிடம் வைப்பது?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மண்ணும், டிரிப்பர் என்ற சொட்டுநீர் முனையின் அளவும் தெரியாமல் நிமிடம் சொல்ல முடியாது.

கேள்வி: ஐந்து வயது மரம். கன்று வைத்தபோது போட்ட இரண்டு டிரிப்பர்கள் அடிமரத்தை ஒட்டியே இருக்கின்றன. கோடையில் இலை கொட்டுகிறது.

தண்ணீர் குடிக்கிற இளவேர்கள் இப்போது கிளைநுனிக்கு நேர்கீழேயும் அதைத் தாண்டியும் போயிருக்கும், பெரும்பாலும் மேலே உள்ள 60 செ.மீ. மண்ணுக்குள். அடிமரத்தில் சொட்டுவது பட்டையை அழுகவைக்கத்தான் உதவும். கிளைவிரிவின் ஓரத்தை ஒட்டி வட்டமாக லேட்டரல் பைப் (டிரிப்பர் குத்தும் கிளைக்குழாய்) போட்டு, மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர்களை வரிசையாகக் குத்துங்கள். மரம் விரிய விரிய வட்டத்தையும் தள்ளிப் போட வேண்டும். மூடாக்கு, அதாவது மண்மேல் பரப்பும் சருகு, 7, 8 செ.மீ. போதும், அதுவும் அடிமரத்தைத் தொடக்கூடாது. எல்லாம் போட்ட பிறகு தோண்டிப் பாருங்கள்.

கேள்வி: புல்லைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் விரித்து ஜல்லி கொட்டினால் தண்ணீரே வேண்டாமே?

வறண்ட நிலத் தோட்டம் என்றாலே ஜல்லி என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் அமைப்பு இத்தகைய தோட்டத்துக்கு 'செரிஸ்கேப்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. அதற்கு வகுத்த ஏழு நெறிகளில் திட்டமிடல், மண்ணைச் செப்பனிடல், சரியான பாசனம், மூடாக்கு எல்லாம் உண்டு. தேவையான இடத்தில் புல்லும் உண்டு. நிலத்தைக் கல்லால் மூடச் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் விரித்தால் மழைநீர் உள்ளே இறங்காது, மண்ணுக்குக் காற்றும் போகாது. சில ஆண்டுகளில் கல்லிடுக்கில் தூசியும் சருகும் சேர்ந்து, களை பிளாஸ்டிக்கின் மேலேயே முளைக்கும். பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் கக்கும். பக்கத்து மரம் இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும்.

அதே நபர்: என் ஜல்லிக்கு நான் ஒரு சொட்டும் விடுவதில்லை. புல்வெளி வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்கைச் சொல்லட்டும்.

இன்னொருவர்: பிள்ளைகள் ஜல்லியில் உருண்டு விளையாடுவார்களா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கால் படுகிற இடத்தில் புல் வையுங்கள். வெட்டுவதற்கு மட்டுமே போய் வருகிற இடத்தில் புல் எதற்கு? நடைபாதைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் ஓடும் புல் பட்டையை முதலில் எடுத்துவிடலாம். அதைத் தெளிப்பானால் நனைத்தால் பாதித் தண்ணீர் சிமெண்டுக்குத்தான். ஜல்லிக்காரரே, கல் வேண்டுமானால் பிளாஸ்டிக்கை உருவிவிட்டு, கள்ளி வகைகளுக்கு நடுவே போடுங்கள். தண்ணீர் விடாதது மட்டும் சிக்கனம் ஆகாது. உங்கள் இடத்தில் விழும் மழை தெருவுக்கு ஓடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாமவர்: அப்படியானால் செயற்கைப் புல்?

வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். சூடு தணிக்க அதற்கும் குழாயைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே மூன்றாமவர்: மர நிழலில் போட்டால் சுடாதே?

நிழல் இருந்தால் நிழல் தாங்கும் படர்செடி வையுங்களேன்.

ஜல்லிக்காரர் மறுபடியும்: பிளாஸ்டிக்குக்குப் பதில் துளையுள்ள துணி விரித்தால்?

கொஞ்சம் மேல். சருகு அதன் மேலும் சேரும், களை வேர் துணியோடு பின்னிக்கொள்ளும், பிடுங்கினால் துணியும் கூடவே வரும். ஜல்லி பற்றி இனிப் பதில் இல்லை.

கேள்வி: மதிய வெயிலில் தண்ணீர் விட்டால் துளிகள் பூதக்கண்ணாடி போல இலையைக் கருக்குமா?

கருகாது. காற்றிலும் ஆவியிலும் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதான். விடியற்காலை நல்லது. இரவில் தெளித்தால் இலை விடிய விடிய ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: இலையில் மஞ்சள் புள்ளி...

தாவர நோய் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டைமர் எத்தனை நிமிடம்?

தோண்டிப் பாருங்கள்.

கேள்வி: வறட்சி தாங்கும் செடி என்றுதான் வாங்கினேன். முதல் கோடையிலேயே போய்விட்டது.

வேர் இறங்கிய பிறகுதான் அது வறட்சி தாங்கும். நர்சரிப் பையிலிருந்து வந்த வேர்க்கட்டி பெரும்பாலும் இலேசான நர்சரிக் கலவை. சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் அது தனியாகக் காய்ந்துவிடும். காய்ந்தால் சீக்கிரம் தண்ணீர் ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து போகும். செத்த செடியைப் பிடுங்கி அந்தக் கட்டியைப் பிட்டுப் பாருங்கள், நடுவே பொடியாக உதிரும். அடுத்த செடிக்கு முதல் சில வாரம் டிரிப்பர் அந்தக் கட்டியின் மேலேயே இருக்கட்டும். பிறகு வெளியே நகர்த்தி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் ஆண்டு தண்ணீர் கட்டாயம்.

கேள்வி: துணி துவைத்த தண்ணீரைச் சொட்டுநீரில் விடலாமா?

டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். மரத்தடிப் பாத்தியில், மூடாக்குக்கு அடியில் போகும்படி விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். கீரை, கிழங்குக்கு வேண்டாம். சோப்பில் சோடியம் அதிகமானால் களிமண் இறுகிவிடும். போரான் உள்ள சோப்பு செடிக்கே ஆகாது.

கேள்வி: மண்பானைப் பாசனம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். எனக்குப் பிடித்த முறை. 2000 ஆண்டுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே இது இருக்கிறது. மெருகு பூசாத பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்ப வேண்டும். மண் காயும்போது பானைச் சுவர் வழியே நீர் கசியும், ஈரமாகிவிட்டால் கசிவு குறையும். டைமரே தேவையில்லை. கொடிகளுக்கும் காய்கறிப் பாத்திக்கும் அருமை. பெரிய மரத்தருகே வேண்டாம், வேர் பானையை உடைத்துவிடும். வாயைக் கட்டாயம் மூடுங்கள், கொசு வரும்.

கேள்வி: மழை கொட்டும்போதும் ஸ்பிரிங்க்ளர் ஓடுகிறதே?

மழை சென்சார் பொருத்துங்கள், கூரை விளிம்புக்கு வெளியே, வானம் பார்த்த இடத்தில். அது வரும்வரை டைமரைக் கையால் அணையுங்கள்.