வாசகர் கேள்வி–பதில்: பீகிங்கும் பெய்ஜிங்கும்

கே: ஆங்கிலத்தில் சீனத் தலைநகரைச் சில இடங்களில் பீகிங் என்றும் சில இடங்களில் பெய்ஜிங் என்றும் எழுதுகிறார்களே, ஏன்?

ப: இரண்டும் ஒரே பெயர்தான்; பொருள் ‘வடக்குத் தலைநகர்’. முன்பு ‘கி’ என்று ஒலித்தது வடசீனப் பேச்சில் ‘ஜி’ என்று திரிந்துவிட்டது. ஐரோப்பியர் எழுத்தில் மட்டும் பழைய ஒலி தங்கிவிட்டது. 1958இல் சீனா ‘பின்யின்’ என்ற ரோமன் எழுத்து முறையை ஏற்றது. 1979 ஜனவரி முதல் அரசின் அயல்மொழி வெளியீடுகளும் அதற்கு மாறின. ஆங்கில நாளிதழ்கள் பிறகு ஒவ்வொன்றாகப் பின்பற்றின.

இன்று நகரைக் குறிக்க பெய்ஜிங் என்றே எழுத வேண்டும். ஆனால் பீகிங் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பீகிங் வாத்து, பீகிங்கீஸ் நாய், சோகோடியன் குகையில் கிடைத்த ஆதி மனித எச்சமான பீகிங் மனிதன், 1860ஆம் ஆண்டின் பீகிங் உடன்படிக்கை ஆகியவையும் அப்படியே வழங்குகின்றன. இவற்றைத் திருத்தப் போனால்தான் பிழை. வரலாற்று நூலில் ‘பெய்பிங்’ என்று கண்டால் அதுவும் இதே ஊர்தான். 1928இல் நான்ஜிங் நகரம் தலைநகரானதால், பெயரிலிருந்து ‘தலைநகர்’ நீக்கப்பட்டது; 1949இல் பழைய பெயர் திரும்பியது.

கே: ‘பெய்ஜிங் மறுத்தது’ என்ற ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் அப்படியே எழுதலாமா?

ப: மறுத்தது மத்திய அரசு என்றால் ‘சீன அரசு மறுத்தது’ என்பதே தெளிவு. மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஏனென்றால் பெய்ஜிங் மாகாணத்துக்கு இணையான மாநகரம். அதற்குத் தனி நிர்வாகம் உண்டு. வெளியுறவு, ராணுவம், தைவான், இறக்குமதி வரி என்று செய்தி போனால் மத்திய அரசு. புதிய கார்களுக்குப் பதிவெண் குலுக்கல், வீடு வாங்கும் விதி, பள்ளிச் சேர்க்கை என்றால் பெரும்பாலும் மாநகர அரசு. தலைப்பை வைத்து முடிவு செய்யாமல், உத்தரவு போட்டது யார் என்று முதல் இரண்டு பத்திகளில் தேடுங்கள்.

ஹாங்காங் அரசியல் செய்தியில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே பெய்ஜிங் என்றால் மத்திய அரசுதான். ‘பெய்ஜிங் ஆதரவுக் கட்சி’ என்று எழுதினால் ஏதோ ஊர்ப்பற்று போலத் தொனிக்கும். ‘சீன அரசு ஆதரவுக் கட்சி’ என்று எழுதுங்கள்.

பெயரோடு எண் சேர்ந்தால் கதை வேறு. ‘பெய்ஜிங் 2008’ கோடைக்கால ஒலிம்பிக், ‘பெய்ஜிங் 2022’ குளிர்கால ஒலிம்பிக். ‘பெய்ஜிங்+25’ என்பதோ 1995இல் அங்கே நடந்த ஐ.நா. உலக மகளிர் மாநாட்டின் 25 ஆண்டு மீளாய்வு. இதை விளையாட்டுப் பக்கத்தில் போட்டுவிடக் கூடாது.

கே: பெய்ஜிங் செல்லும் விமான டிக்கெட்டில் பி.இ.கே., பி.கே.எக்ஸ். என இரண்டு குறியீடுகள் தெரிகின்றன. எது சரி?

ப: இரண்டும் சரி, விமான நிலையங்கள்தான் வேறு. பி.இ.கே. வடகிழக்கில் உள்ள தலைநகர் விமான நிலையம். பீகிங் என்ற பழைய பெயர் அதன் குறியீட்டில் இன்னும் வாழ்கிறது. பி.கே.எக்ஸ். 2019இல் தெற்கே திறக்கப்பட்ட டாசிங். பி.ஜே.எஸ். என்று தேடினால் இரண்டுக்குமான விமானங்கள் வரும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தால் நகரைத் தாண்டிப் போக வேண்டும். ஒரே நிலையத்தில் மாறும் நேரத்தைக் கணக்கிட்டு முன்பதிவு செய்தால் அடுத்த விமானம் போய்விடும்.

கே: பெய்ஜிங் என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது?

ப: நடுவில் அழுத்தமான ‘ஜி’. ‘பிளஷர்’ என்ற சொல்லின் நடுவே வரும் மெல்லொலியைச் சில ஆங்கில அறிவிப்பாளர்கள் இங்கே போடுகிறார்கள். சீனத்தில் இந்தப் பெயருக்கு அந்த ஒலி இல்லை.