அண்ணன் ஏன் மாத்திரையை விட்டார்?

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது, லாரி டிரைவர். ஆறு வருடமாக எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வந்தார். வீட்டில் எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். நான்கு மாதமாக மாத்திரை வாங்கப் போகவில்லை. கேட்டால், 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்கிறார். ஒரு வருடத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் மூலிகை மருந்துக்கு 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். பிளஸ் டூ படித்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார்? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே அண்ணனை ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தையும் (சிகிச்சை விவரம் எழுதும் புத்தகம்) மிச்சமிருக்கும் மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போகட்டும். வீட்டில் இருப்பதை அவராகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். நான்கு மாதம் விட்டவருக்குக் காசநோய் அறிகுறி இருக்கிறதா என்று டாக்டர் முதலில் பார்ப்பார். பெரும்பாலும் அதே மாத்திரையைத்தான் திரும்பக் கொடுப்பார்கள், சில மாதம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற பரிசோதனை, எடுப்பார்கள். அதுவரை ஆணுறை கட்டாயம். அண்ணியும் ஒருமுறை நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

இனி, ஏன் விட்டார் என்பது. 'மறந்துட்டேன்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவு வருடம் மறக்காத மனிதருக்குத் திடீரென்று மறதி வராது. என் முன்னால் உட்காரும் பலரின் டப்பாவில் லேபிள் இருக்காது, நகத்தால் சுரண்டியிருப்பார்கள். 30 மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா நடந்தால் கிலுகிலு என்று சத்தம் போடும். அதற்காக உள்ளே பஞ்சு திணித்துக் கொண்டுவந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மாமியார் காதில் விழக் கூடாதாம். உங்கள் அண்ணன் கிளீனரோடு ஒரே கேபினில் தூங்குகிறார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, 'என்னண்ணே மாத்திரை அது?' என்று கேட்கிற பையன் பக்கத்தில் இருக்கும்போது எத்தனை நாள் 'சத்து மாத்திரை' என்று சொல்ல முடியும்?

அப்புறம் குடி. 'குடித்த அன்று மாத்திரை போடக் கூடாது' என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் மாத்திரையை விடுபவர்கள் நிறைய. குடி கெடுதல்தான், அதை வேறு நாள் பேசிக்கொள்ளலாம். குடித்திருந்தாலும் மாத்திரையைப் போட வேண்டும்.

'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 2017-க்கு முன்பு நோய் எதிர்ப்பு செல்களான சிடி4-ன் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் மருந்தே கொடுப்போம். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், எண்ணிக்கை ஏறியதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இப்போது பாசிட்டிவ் என்று தெரிந்ததுமே மருந்து. உடம்பு நன்றாக இருப்பது அந்த மாத்திரையால்தான். கிருமி சில செல்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருக்கும், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே எழுந்துவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே அசையாத கிருமியாக அது மாறிக்கொள்ளவும் வழி உண்டு.

சரி, அந்த மூலிகைக்காரர். இவர்களின் வித்தையை நான் பலமுறை பார்த்துவிட்டேன். 'இப்போதைக்கு ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிடுங்க, கூடவே இதையும்' என்று ஆரம்பிப்பார்கள். சில மாதத்தில் வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று வரும். அரசாங்கம் சும்மா கொடுத்த மாத்திரையின் வேலை அது. ஆனால் அந்த ஆள் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டி, 'பார்த்தீங்களா, கிருமியே இல்லை, இனி இங்கிலீஷ் மருந்து எதுக்கு?' என்பார். 'கண்டறிய முடியவில்லை' என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. சந்தேகமிருந்தால் நம்பிக்கை மையத்தில் சாதாரண ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், அது பாசிட்டிவ் என்றே வரும். இன்னொன்று, லேகியம் சாப்பிட்டுப் பசி எடுத்து முகம் உப்பினால் மகிழ வேண்டாம். இப்படிப்பட்ட மருந்துகளில் ஸ்டீராய்டு கலப்பது பழைய தந்திரம்.

சித்த மருத்துவத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. அதற்கு முன்பு அங்கே வந்த நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும்தான் ஆறுதல். பதிவு பெற்ற அந்தச் சித்த மருத்துவர்கள் முன்பணம் வாங்கவில்லை. எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மருந்து விதிகளின் ஷெட்யூல் ஜே பட்டியலில் முதல் பெயரே எய்ட்ஸ்தான். பட்டியல் பாட்டுக்கு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் நோட்டீஸும் பாட்டுக்கு இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'ஊரில் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டக்கூடும். நம்பிச் சொன்ன ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ம் ஆண்டுச் சட்டம். மிரட்டினால் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள், 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். 12,000 திரும்பி வருமா என்பது வேறு விஷயம், வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்கள் விஷயத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டா சாப்பிட்டு நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்தை மூடியில் ஊற்றிக் குடிக்கிறார்கள் அல்லவா? அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் இப்போது கொடுக்கும், மூன்று மருந்து சேர்ந்த டி.எல்.டி. என்ற ஏ.ஆர்.டி. மாத்திரையிலுள்ள டோலுடெக்ராவிர் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. ஆகவே ஏ.ஆர்.டி. மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவதானால் அவற்றை ஏ.ஆர்.டி. மாத்திரையோடு ஒன்றாகவே போடலாம். ரோஸ் மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது. வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரையால் தொந்தரவில்லை. குழப்பமாக இருந்தால் ரோஸ் மருந்தைத் தொடாமல் இருப்பதே எளிது.

லோடு ஏற்றிப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்தால்? பச்சைப் புத்தகத்தைக் காட்டினால் வேறு ஊர் ஏ.ஆர்.டி. மையத்திலும் இடைக்காலத்துக்கு மாத்திரை வாங்கலாம். விதி இப்படி. நடப்பில், 'உங்க சென்டருக்கே போங்க' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். விடாதீர்கள், மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். 2022-ல் பல மாநிலங்களில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, நோயாளிகள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முன் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மாத்திரை தவறினால் நோயாளிக்கு ஒரு மணி நேரம் அறிவுரை சொல்கிறோம், சப்ளை தவறினால் யாருக்கு அறிவுரை சொல்வது?

உங்கள் அண்ணன் போகத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கும், அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான்கு மாதம் கழித்துப் போனால் நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்பார், 'எங்கே போயிருந்தீங்க இத்தனை நாளா?' என்று. மையத்தில் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கணக்கைச் சரிசெய்து வருபவர்கள் உண்டு. என்னிடம் வந்தவர்களையும் நான் திட்டியிருக்கிறேன், அதில் இரண்டு பேர் அப்புறம் வரவே இல்லை. எனவே நீங்கள் முதலில் தனியாகப் போய் ஆலோசகரைப் பாருங்கள். 'அண்ணன் வருவார், டப்பாவில் மாத்திரை மிச்சம் இருக்கும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்' என்று சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் அவரைக் கூட்டிப் போங்கள்.